கண்ணுக்குத் தெரியாத நீலப் பட்டை

"காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒரு நோயாளியின் பெயர் பணியாளர் பிழையால் நீக்கப்பட்டிருப்பின், குழுவின் ஒப்புதல் பெற்று, முதலில் பதிவு செய்த தேதியிலேயே அப்பெயர் மீண்டும் சேர்க்கப்பட வேண்டும். ஒப்புதல் பதினைந்து நாட்களுக்குள் அளிக்கப்படும்." எங்கள் மருத்துவமனையின் நடைமுறைக் கையேட்டில் இருபத்திரண்டாம் விதி இது. எனக்கு இது மனப்பாடம் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எழுதியவனே நான்தான். முதல் வரைவில் 'குழுவின் ஒப்புதல் பெற்று' என்ற மூன்று சொற்கள் கிடையாது. படித்துப் பார்த்தபோது விதி கொஞ்சம் மொட்டையாக இருப்பதுபோல் பட்டது. யாருடைய ஒப்புதலும் கேட்காத விதி, சட்டை போடாமல் ஆபீசுக்கு வந்த ஆளைப்போல எனக்குத் தெரிந்தது. பேனாவை எடுத்து அந்த மூன்று சொற்களையும் செருகினேன். அப்போது மிகவும் திருப்தியாக இருந்தது.

அடையாறில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கண் மருத்துவமனை அது; குழு என்பது அந்த அறக்கட்டளையின் நிர்வாகக் குழு. பெரிய இடமில்லை. நான் அங்கே நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்றேன். கருவிழி வெளுத்துப் பார்வை மங்கியவர்களுக்கு, இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கருவிழியை அங்கே பொருத்துவார்கள். தானம் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் சில நாட்களுக்குள் பொருத்தியாக வேண்டும். எனவே ஒரு பட்டியல் உண்டு. முதலில் பதிந்தவருக்கு முதலில். பட்டியலில் யார் எத்தனையாவது என்பது முந்தின நாள் அச்சடித்து, ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் வாசல் பலகையில் ஒட்டப்படும். பார்வை இல்லாதவர்களுக்காக எழுத்தில் ஒட்டுவது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். கூட வருகிறவர்கள் படித்துச் சொல்வார்கள் என்று கையேட்டில் இருக்கிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்ட அம்மாவை வாட்ச்மேன் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோரும் லிஸ்ட் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். நங்கநல்லூரிலிருந்து மின்சார ரயில் ஏறி வருவார். உயரம் குறைவு. நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டுத்தான் உட்கார்வார். கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருக்கும். பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் பெயர் சொல்லாமல் கண்ணைச் சொல்லித்தான் குறிப்பிடுவார். "இடது கண் போஸ்ட்மேன் வந்திருக்கார் சார்", "ரெண்டு கண்ணும் போன டீச்சர் போன் பண்ணினா சார்" என்பார். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். ஆனால் அந்தப் போஸ்ட்மேனின் மகளுக்குக் குழந்தை பிறந்ததும், டீச்சர் வீடு மாறியதும் மாமிக்கு மட்டும்தான் தெரியும். அவர் என்னிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அது என்னுடைய நிர்வாகத் திறமை என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டியல் ஒரு பழைய கணிப்பொறியில் இருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் கிடையாது, சுட்டெலி கிடையாது. ஒருவருடைய பதிவைத் திறந்தால் ஐந்து வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், நான் தமிழில் சொல்கிறேன்: பதிவு, திருத்தம், ஒத்திவைப்பு, நீக்கம், அச்சு. முன்பெல்லாம் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் இருந்தது. மூன்று என்று தட்டினால் ஒத்திவைப்பு. அதில் தவறு நேரவே நேராது. தவறு நேராத ஒன்றை அப்படியே விட்டுவைப்பது எந்த நிறுவனத்துக்கும் பொறுக்காது. மென்பொருள் செய்துகொடுத்த ஆட்கள் புதிய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எண்களை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் அம்புக்குறி விசையைத் தட்டத் தட்ட ஒரு பட்டை வரிக்கு வரி இறங்கி வரும். எந்த வரியின்மேல் பட்டை நிற்கிறதோ அதுதான் நாம் தேர்ந்தெடுத்தது. பார்க்க அழகாக இருக்கும், எண்கள் பள்ளிக்கூட வினாத்தாள் மாதிரி இருக்கின்றன என்று வந்தவர் சொன்னார்.

பட்டையின் நிறம் கருநீலம். வந்தவர் தன்னுடைய மடிக்கணினியில், என் அறையில், குளிர்சாதனத்தின் அடியில் அதைக் காட்டினார். நன்றாகவே தெரிந்தது. கையேட்டின் இன்னொரு விதிப்படி, புதிய பதிப்பை அது ஓடப்போகிற இயந்திரத்தில், அதை ஓட்டப்போகிறவர் முன்னால் சோதித்த பிறகுதான் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். மாமியின் இடம் மாடிப்படிக்குக் கீழே, மின்விசிறி மட்டும் உள்ள இடம். வந்தவருக்கு வேர்த்தது. எனக்கும்தான். என் அறையிலேயே கையெழுத்திட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமி வந்து நின்றார். "சார், எதுமேல நிக்கறதுன்னு தெரியலை" என்றார். போய்ப் பார்த்தேன். மாமியின் திரை அந்த மருத்துவமனையில் பல டாக்டர்களைவிட மூத்தது. அதில் நீல நிறம் என்றைக்கோ செத்துப்போயிருந்தது. வெள்ளை எழுத்து கொஞ்சம் மஞ்சளாக வந்ததை, வயசான திரைக்குச் சகஜம் என்று யாரும் கவனிக்கவில்லை. கறுப்பின்மேல் நீலப் பட்டை வந்தால் அந்தத் திரைக்கு அதுவும் கறுப்பு. மாமி அம்புக்குறியைத் தட்டினார். ஐந்து வரிகளும் அசையாமல் நின்றன. இன்னொரு தட்டு. அதே ஐந்து வரிகள். பட்டை எங்கேயோ உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. கண் மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"எழுத்தில் கொடுங்கள், மேலே அனுப்பிவிடலாம்" என்றேன். கொடுத்தார், அனுப்பினேன். புதிய திரை வேண்டும் என்று ஒரு கோரிக்கை, பட்டையின் நிறத்தை மாற்ற வேண்டும் என்று ஒரு கோரிக்கை. பதில் வரும்வரை பட்டியல் நிற்குமா? மாமி தன் வழியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். திறக்கும்போது பட்டை எப்போதும் முதல் வரியில்தான் இருக்கும் என்று வந்தவர் சொல்லியிருந்தார். எனவே எண்ணிக்கொண்டால் போதும். மாமி பொட்டு அட்டையை எடுத்து, திரைக் கண்ணாடியில் 'திருத்தம்' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு, 'ஒத்திவைப்பு'க்குப் பக்கத்தில் இரண்டு, 'நீக்க'த்துக்கு மூன்று, 'அச்சு'க்கு நான்கு என்று ஒட்டிவைத்தார். எத்தனை பொட்டோ அத்தனை தட்டு. அதோடு வாயிலும் எண்ணிக்கொள்வார். பக்கத்து இருக்கைப் பெண் கேலி செய்வாள்: "மாமி, மானிட்டருக்குக் கல்யாணம் ஆயிடுத்தா?" மாமி சிரிக்காமல் சொல்வார்: "ஆயிடுத்து, நாலு புருஷன்." அந்த ஏற்பாட்டில் மாதக்கணக்கில் ஒரு பிழையும் வரவில்லை. நானும் அதைப் பார்த்து, விஷயம் தீர்ந்துவிட்டது என்று கோப்பை மூடிவைத்தேன்.

எங்கள் கோரிக்கைக்கு மென்பொருள்காரர்கள் ஒரு விதத்தில் பதில் சொல்லத்தான் செய்தார்கள். கடிதமாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ வந்து எதையோ ஏற்றிவிட்டுப் போனார்கள். பட்டை தெரியவில்லை என்று நாங்கள் சொன்னதை அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்களோ, நிறத்தைத் தொடவில்லை. அடிக்கடி அம்புக்குறியைத் தட்டுவது பணியாளருக்குச் சிரமம் என்று நினைத்து, கடைசியாக எந்த வரி தேர்ந்தெடுக்கப்பட்டதோ அந்த வரியிலேயே பட்டை திறக்கும்படி செய்துவிட்டார்கள். பட்டை கண்ணுக்குத் தெரிகிறவர்களுக்கு அது வசதிதான். எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை; எல்லாம் நடந்த பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

மறுநாள் திங்கட்கிழமை. நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கிற ஓர் அம்மா வந்தார். வலது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. இருந்தது இடது கண் மட்டும், அதிலும் புண் வந்து ஆறிக் கருவிழி பாலாடை பூத்ததுபோல் வெளுத்திருந்தது. பட்டியலில் ஒன்பதாவது பெயர் அவருடையது. ஒன்றரை வருடம் காத்திருந்து ஒன்பதுக்கு வந்திருந்தார். அன்றைக்குக் கடும் சளி, காய்ச்சல். அந்த நிலையில் கருவிழி வந்தால் பொருத்த முடியாது என்பதால், இரண்டு வாரம் ஒத்திவைக்கச் சொல்லி டாக்டர் சீட்டு கொடுத்தார். ஒத்திவைத்தால் இடம் போகாது. காய்ச்சல் போனதும் அதே ஒன்பதில் தொடரலாம். சற்றுமுன்தான் மாமி வேறொருவருடைய முகவரியைத் திருத்தியிருந்தார்; புதிதாக ஏற்றியபின் முதல்முறை என்பதால் பட்டை அப்போது முதல் வரியிலேயே திறந்திருந்தது. பட்டை 'திருத்த'த்தின்மேல் தங்கியிருந்தது. மாமி மீன்கார அம்மாவின் பதிவைத் திறந்தார். இரண்டு பொட்டு, இரண்டு தட்டு. 'திருத்த'த்திலிருந்து இரண்டு இறங்கினால் 'நீக்கம்'. உறுதியா என்று திரை கேட்டது. எதை என்று அது கேட்காது, எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான். ஆம் என்று தட்டினார். அந்த வாரம் அதன்பிறகு வேறு பதிவு எதையும் திருத்தவோ ஒத்திவைக்கவோ வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, மறுநாள் ஒட்டவேண்டிய பட்டியலை அச்சடித்து எடுத்தபோதுதான் மாமி கண்டுபிடித்தார். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார். "இடது கண் மீன்கார அம்மாவைக் காணும் சார். நான்தான் எடுத்திருக்கேன்" என்றார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் கண்டுபிடிக்க ஆளே இல்லை. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கூட வருகிற ஆளும் கிடையாது.

மீண்டும் சேர்த்தால் கணிப்பொறி அன்றைய தேதியைத்தான் பதிவுத் தேதியாகப் போடும். அப்படியானால் ஒன்பது போய் நாற்பத்தொன்று. மாமி அதற்கும் ஒரு வழி யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தார். பட்டியல் தேதியை இயந்திரத்தின் கடிகாரத்திலிருந்து எடுக்கிறது. கடிகாரத்தை அந்த அம்மா முதலில் பதிந்த நாளுக்குத் திருப்பி, பெயரைச் சேர்த்து, மறுபடி இன்றைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

"ரெண்டு நிமிஷ வேலை சார். இன்னும் ஒட்டலை. ஒட்டறதுக்குள்ள முடிச்சுடலாம்."

"பதிவேட்டில் பொய்த் தேதி போடச் சொல்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"பொய்த் தேதி இல்லையே சார். அதுதானே நெஜத் தேதி? இன்னிக்குத் தேதியைப் போட்டாத்தான் பொய்."

என்னிடம் இருபத்திரண்டாம் விதி இருந்தது. குழுவுக்கு எழுதுவோம், பதினைந்து நாளில் ஒப்புதல் வந்துவிடும், அதற்குள் கருவிழி ஒன்பதாவது ஆளுக்கு வந்துவிடப் போவதில்லை, முறையாகச் செய்வோம் என்றேன். இயந்திரத்தின் கடிகாரத்தில் கை வைத்தால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் கை வைப்பார்கள் என்றும் ஒரு சின்னச் சொற்பொழிவு செய்தேன். மாமி கேட்டுக்கொண்டு நின்றார். "நீங்க சொன்னா சரி சார்" என்று போய், அன்றைய தேதியில் பெயரைச் சேர்த்து, மறுபடி அச்சடித்தார். சனிக்கிழமை காலை பட்டியல் பலகைக்குப் போனது. மற்ற நாற்பது பேரின் வீட்டாரும் தங்கள் தங்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நோயாளிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அடுத்த விதி. கடிதத்தைத் தயார் செய்து கையெழுத்துக்காக வைத்திருந்தேன். மாமி அதைப் பார்த்துவிட்டு, "படிக்க அவங்களுக்குக் கண்ணு வேணுமே சார்" என்றார். அன்று மாலை இருவரும் ஆட்டோவில் நொச்சிக்குப்பத்துக்குப் போனோம். மாமி புடவைத் தலைப்பை மூக்கருகில் வைத்துக்கொண்டு, செதில் சிதறிக் கிடந்த இடத்தில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தார். மீன்கார அம்மா பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணால் இல்லை, விரலால் பார்த்து நறுக்கினார். இடது கைக் கட்டைவிரல் முன்னே போய் அளவு பார்க்கும், கத்தி பின்னாலேயே வரும்.

மாமி விஷயத்தைச் சொன்னார். என்னுடைய விதியையும் நான் சொன்னேன். அந்த அம்மா கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"இன்னாம்மா நீ, என் பேரை அட்ச்சிட்டு உனுக்கே தெர்லன்றே?"

"தெரியலைம்மா. திரையில தெரியலை."

"கண்ணு ஆஸ்பத்திரில கீறவங்களுக்கே கண்ணு தெர்லன்னா, நான் எங்க போவேன் சொல்லு."

பக்கத்துப் பலகைப் பெண்கள் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, என் தோளைப் பார்த்துப் பேசினார். "யார் நைனா நீ, பெரிய ஆபீசரா? பதினஞ்சு நாளுன்றே. எனுக்கு மீன் அழுகிப்பூடுற கணக்குதான் தெரியும். பதினஞ்சு நாள்ல வரலன்னா?"

"வரும். விதியில் இருக்கிறது" என்றேன்.

"அப்போ செரி" என்று அடுத்த துண்டை நறுக்கினார்.

பதினைந்து நாளில் ஒப்புதல் வரவில்லை. குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும் என்பது எனக்குத் தெரியும். விதி எழுதியபோது அது நினைவுக்கு வரவில்லை. முதல் நினைவூட்டுக் கடிதம் போட்டேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். பட்டை தெரியவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம், புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னார். தெரியாத ஒன்றைப் படம் எடுத்து அனுப்புவது எப்படி என்று கேட்டேன். அதெல்லாம் தனக்குத் தெரியாது, கோப்பில் படம் இல்லாவிட்டால் குழு எடுத்துக்கொள்ளாது என்றார். மாமியின் திரையைப் படம் எடுத்து, அதன் பின்பக்கத்தில் 'தேர்வான வரி: நீக்கம்' என்று எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அதே மனிதர் மறுபடி கூப்பிட்டார்.

"சார், படத்துல எது செலக்ட் ஆகியிருக்குன்னே தெரியலையே?"

"அதுதான் புகார்" என்றேன்.

"அது சரி சார், ஆனா தெரியிற மாதிரி ஒரு படம் இருந்தா நல்லாருக்கும்."

இரண்டாவது நினைவூட்டல், மூன்றாவது நினைவூட்டல். குழு ஒருமுறை கூடியது. உறுப்பினர் ஒருவர் வெளியூர் போயிருந்ததால் இந்தப் பொருள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நான் எல்லாக் கடிதத்தின் நகலையும் எண் போட்டு, நூல் கோத்து, ஒரு கோப்பாக வைத்திருந்தேன். அவ்வளவு ஒழுங்கான கோப்பை அந்தக் கட்டிடத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது.

மாமியின் வேலை முறை வேறு. வாராவாரம் அச்சாகிற பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் ஒரு எண் போட்டுக்கொண்டு வந்தார். முதல் தேதி நிலைத்திருந்தால் மீன்கார அம்மா இந்த வாரம் எத்தனையாவது என்பது அது. அச்சில் முப்பத்தெட்டு, பென்சிலில் ஆறு. அச்சில் முப்பத்தைந்து, பென்சிலில் மூன்று. சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போவது அவர் வழக்கம். அதை விட்டுவிட்டு நொச்சிக்குப்பத்துக்குப் பஸ் ஏறினார். பலகையில் ஒட்டியதை அந்த அம்மாவுக்குப் படித்துச் சொல்ல வேறு ஆள் இல்லை, தான் எடுத்த பெயரைத் தானே போய்ச் சொல்லவேண்டும் என்பது அவர் கணக்கு. அச்சு எண்ணை மட்டும்தான் சொல்வார். பென்சில் எண்ணைச் சொன்னதில்லை. நான் கேட்டபோது, "அதைச் சொல்லி என்ன சார், அழ வெக்கறதா?" என்றார்.

ஒரு புதன்கிழமை காலை தானம் ஒன்று வந்தது. முறைப்படி பட்டியலின் முதல் பெயரைக் கூப்பிட வேண்டும். மாமி பட்டியலோடு என் அறைக்கு வந்து, அதை மேசையில் வைத்தார். ஓரத்தில் பென்சிலில் ஒன்று என்று இருந்தது.

"இன்னிக்கு அந்த அம்மா டர்ன் சார்" என்றார்.

என் பணிக்காலத்தில் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். "தேதியை மாற்றிவிடுங்கள். நான் பொறுப்பு."

மாமி முதல்முறையாக என்னை எதிர்த்தார்.

"மாட்டேன் சார். அன்னிக்கு ஒட்டறதுக்கு முன்னாடி சொன்னேன். இப்போ பதினெட்டு வாரமா பலகையில எல்லாரும் பாத்துண்டிருக்கா. முதல்ல இருக்கிறது அந்த இடது கண் போஸ்ட்மேன். அவரைக் கூப்பிட்டாச்சு. தாம்பரத்துலேர்ந்து கெளம்பி வந்துண்டிருக்கார். ஒருத்தர் பேரைத் தெரியாம எடுத்தேன். இன்னொருத்தர் பேரைத் தெரிஞ்சு எடுக்க மாட்டேன்."

போஸ்ட்மேனுக்குக் கருவிழி பொருத்தினார்கள். அவருக்கு அதில் எந்தத் தவறும் இல்லை. மூன்றாம் நாள் கட்டு அவிழ்த்ததும் பேரனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார் என்று மாமி வந்து சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அந்தச் சனிக்கிழமையும் நொச்சிக்குப்பத்துக்குப் போனார். அன்று மட்டும் பென்சில் எண்ணைச் சொல்லிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. மீன்கார அம்மா அதற்கு என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒரு மாதிரி சிரிச்சா சார். யாருக்குப் போச்சுன்னு கேட்டா. போஸ்ட்மேன்னு சொன்னேன். பாவம், அவரு வூடு கண்டுபிடிக்கணுமில்லன்னா" என்றார். பிறகு தன் இருக்கைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கு அடுத்த மாதம் மீன்கார அம்மாவின் கத்தி கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. அளவு பார்க்க முன்னே போகிற அந்த விரல்தான். நரம்பு அறுந்து விரல் மடங்காமல் போயிற்று. அதன்பிறகு அவரால் நறுக்கித் தர முடியவில்லை. நறுக்கித் தராத பலகையில் யார் வாங்குவார்கள்? நாத்தனார் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். இவர் பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்கான இடம் திரும்பக் கிடைத்திருந்தால் விரலும் தப்பியிருக்கும், பலகையும் தப்பியிருக்கும். இதை எந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை. எழுத ஒரு தலைப்பு வேண்டும், அந்தத் தலைப்புக்குப் படிவத்தில் இடமில்லை.

அச்சில் இருந்த எண் மெல்ல மெல்ல இறங்கி, ஒன்றுக்கு வந்து, ஒருவழியாக அந்த அம்மாவுக்கும் கருவிழி பொருத்தினார்கள். யாருடைய ஒப்புதலும் இல்லாமல், நாற்பத்தொன்றாவது ஆளாகப் பதிந்து, நாற்பத்தொன்றாவது ஆளாகவே வந்து பார்வை பெற்றார். மாமி அதற்கு முந்தைய மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். கட்டு அவிழ்க்கிற நாளன்று நங்கநல்லூரிலிருந்து வந்திருந்தார். மீன்கார அம்மா கண்ணைக் கொட்டிக் கொட்டிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலை வைத்து மாமியைக் கண்டுபிடித்து, மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அது? இம்மாங்கூண்டு கீறே. இதுக்காடி நான் பயந்துகினு இருந்தேன்" என்றார். மாமி சிரித்துக்கொண்டே அழுதார். நான் கோப்புக்கு ஒரு குறிப்பு எழுதப் போய்விட்டேன்.

சில மாதங்களில் நானும் ஓய்வு பெற்றேன். போன மாதம் என் கண்ணாடியை மாற்ற அதே மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வரவேற்பில் இப்போது விரலால் தொடுகிற திரை. தொட்டால் அந்தக் கட்டம் மஞ்சளாக எரிகிறது, ஒரு சின்ன மணியும் அடிக்கிறது. எதைத் தொட்டோம் என்று தெரு முழுக்கத் தெரியும். அங்கிருந்த பெண்ணிடம் பழைய கறுப்புத் திரையைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று இருந்தது என்றே அவளுக்குத் தெரியாது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நன்னாத்தானே இருக்கு, இதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கேள்?" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியிருந்தது மஞ்சள்கூட இல்லை, ஏற்கெனவே இருந்த மூன்று என்ற எண் போதும். அதை எடுத்ததற்குக் கையெழுத்துப் போட்ட கை இதுதான்.

டாக்டர் நடக்கச் சொன்னதால் காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கிறேன். போகிற வழியில் நொச்சிக்குப்பம். மீன்கார அம்மா தூரத்திலேயே என்னைப் பார்த்துவிடுவார். அவருக்கு இப்போது கண் தெரியும் என்பதன் தினசரி நிரூபணம் அது. "இன்னா ஆபீசரு, பதினஞ்சு நாள் ஆச்சா? பதில் வந்துச்சா?" என்று கேட்பார். பக்கத்துப் பலகைகளில் சிரிப்பு எழும். வேறு பாதையில் போயிருக்கலாம். போகவில்லை. அந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் இல்லை என்று சொல்லிவிட்டு நடப்பேன்.

பிறகு ஒருநாள் மருத்துவமனையிலிருந்து ஓர் உறை வீட்டுக்கு வந்தது. கடிதம் என் பழைய பதவிக்கு எழுதப்பட்டிருந்ததால், அங்கே யாரோ முகவரியைத் திருத்தி அனுப்பியிருந்தார்கள். குழு என் விண்ணப்பத்தைக் கனிவுடன் பரிசீலித்ததாம். இருபத்திரண்டாம் விதியின்படி, மேற்படி நோயாளியின் பெயரை முதல் பதிவுத் தேதியிலேயே பட்டியலில் சேர்க்க ஒப்புதல் அளிக்கிறதாம். சம்பந்தப்பட்ட பணியாளர் இனிமேல் வரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறாராம். பட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாமிக்குப் போன் செய்து படித்தேன். "கவனமாத்தான் சார் இருந்தேன்" என்றார். இருந்தீர்கள், கவனம் இல்லாதவன் நான் என்று சொன்னேன். வேலையில் இருந்தபோதே அதை நான் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். வாயால்தான் சொல்ல முடிந்தது.

மறுநாள் காலை உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மீன்கார அம்மா கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினேன். மடங்காத கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தாளைப் பிடித்து, வெயிலுக்குக் காட்டி, மேலிருந்து கீழே பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் எல்லாவற்றையும் பார்த்தார்.

"சீலு நல்லாக் கீது. இன்னா எழுதிக்கீறாங்க?"

"உங்கள் பழைய இடத்தையே உங்களுக்குத் தரலாம் என்று எழுதியிருக்கிறார்கள்."

அவர் பலகையைப் பார்த்தார். நாத்தனார் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ போட்ட தேதி?" என்று கேட்டார்.

வலது மூலையில் தட்டச்சு செய்திருந்ததைப் படித்தேன். ஆகஸ்ட் மாதம் பதினெட்டாம் தேதி. அன்றைக்குச் செப்டம்பர் இரண்டு; சரியாகப் பதினைந்து நாள் ஆகியிருந்தது.